எந்த கோர்ஸ் எடுக்கறதுன்னு கேட்டவங்களுக்கு

எஸ்டிபிஎம் (மலேசியாவுல யூனிக்கு முந்தின ஆறாம் படிவப் பரீட்சை) ரிசல்ட் வந்ததுல இருந்து கேள்வி மேல கேள்வி. பேராக் சுங்கை சிப்புட் டவுன்ல இருந்தும் சுத்துவட்டார தோட்டங்கள்ல இருந்தும் வந்ததுல, திரும்பத் திரும்ப வர்றத மட்டும் இங்க எடுத்துக்கிட்டேன். மெடிசின், இஞ்சினியரிங் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அத சொல்றதுக்கு ஊர்ல நிறைய பேரு இருக்காங்க.

டீச்சர், மகளுக்கு கணக்கு நல்லா வரும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சா கணக்கு டீச்சர்தானே ஆக முடியும்?

இல்லம்மா, ஸ்கூல்ல டீச்சராகணும்னா அதுக்கு எஜுகேஷன் டிகிரி தனியா இருக்கு, தஞ்சோங் மாலிம்ல இருக்கற உப்சி யூனில அதுதான் முக்கியமா சொல்லிக்கொடுக்கறாங்க. ஸ்டாட்ஸ் முடிச்சவங்க பேங்க், இன்சூரன்ஸ், புள்ளிவிவர இலாகா, ஆஸ்பத்திரி ஆராய்ச்சி, ஃபேக்டரி கியூசி, அதாவது தரக் கட்டுப்பாடுன்னு போறாங்க. முதல் வருஷம் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டின்னு வறண்டுதான் கெடக்கும், அப்புறம்தான் ரிக்ரஷன், சேம்ப்ளிங், கூடவே கம்ப்யூட்டர்ல ஆர்ங்கற (R) ப்ரோக்ராம். எஸ்டிபிஎம்ல மேத்ஸ் டி பாடம் எடுத்திருந்தா மூணாவது செமஸ்டர் முழுக்க ஸ்டாட்ஸ்தான், அத பிடிச்சு படிச்சாளா இல்ல எப்படா முடியும்னு படிச்சாளான்னு அவகிட்டயே கேளுங்க, அந்த பதில் போதும்.

ஒரு உதாரணம் சொல்றேன். தோட்டத்துல வீட்டுக்கு எவ்வளவு வருமானம்னு கணக்கெடுக்க காலையில பத்து மணிக்கு லயத்துக்குப் போய் கதவ தட்டினா யாரு இருப்பா? வேலைக்குப் போனவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, பாட்டிங்களும் ஓய்வுல இருக்கறவங்களும்தான் வாசலுக்கு வருவாங்க. அப்படி நூறு வீட்டுக்கு பதிலா ஆயிரம் வீட்டுல கேட்டாலும் கணக்கு தப்புதான், தப்பே இன்னும் நம்பிக்கையா வரும், அவ்வளவுதான் வித்தியாசம். இத கண்டுபிடிக்கிற புத்திதான் அந்த கோர்ஸ், வெறும் கூட்டல் கழித்தல் இல்ல.

அக்கவுண்டிங், பிசினஸ் அட்மின், எக்கனாமிக்ஸ் எல்லாம் ஒன்னுதானே?

இல்லவே இல்ல. அக்கவுண்டிங் ஒரு தொழில். 1967 அக்கவுண்டன்ட் சட்டப்படி எம்ஐஏல (மலேசியக் கணக்காளர் கழகம்) பதிஞ்சவங்கதான் அந்த பேர போட்டுக்க முடியும், அதனால சேரப்போற டிகிரிய எம்ஐஏ ஏத்துக்குதான்னு முதல்ல பாருங்க. எக்கனாமிக்ஸ்ல கணக்கு நிறைய. பிசினஸ் அட்மின்ல மார்க்கெட்டிங் கொஞ்சம், எச்ஆர் கொஞ்சம், ஃபைனான்ஸ் கொஞ்சம், சட்டம் கொஞ்சம், எல்லாத்துலயும் கால நனைச்சுட்டு வர்ற மாதிரி. ரெண்டாவது வருஷத்துலயாவது ஒன்ன பிடிச்சு ஆழமா போகலைன்னா வெளிய வந்து சேல்ஸ் வேலைக்குத்தான் அலையணும், இது என் அபிப்ராயம்.

அசைன்மென்ட்டுக்கு எல்லாரும் மெக்டோனல்ட்ஸ், ஏர்ஏசியான்னே எழுதறீங்க. நம்ம ஊர், அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கே, தோட்டத்த துண்டு போட்டு விக்கிற காலத்துல தொழிலாளிங்ககிட்டயே பங்கு சேர்த்து தோட்டத்த வாங்கினது, அத எழுதுங்களேன். முதல் பணம் எங்க இருந்து வந்துச்சு, நிர்வாகம் யாரு பாத்தாங்க, ரப்பர் விலை விழுந்தா என்ன ஆகும்னு எல்லா பாடமும் அதுல இருக்கு.

மகன் ஹிஸ்டரிதான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறான். சோறு போடுமா?

அப்பாக்கள் எல்லாரும் இதே மூஞ்சோடதான் கேக்கறாங்க. ஆர்கைவ்ஸ், மியூசியம், பத்திரிகை, டீச்சிங் இருக்கு, பிடிடி (நிர்வாக, தூதரக அதிகாரி) மாதிரி அரசாங்க வேலைக்கு எந்த டிகிரியா இருந்தாலும் மனு போடலாம். ஆனா தேதி மனப்பாடம் பண்றதுதான் ஹிஸ்டரின்னு நெனச்சு போனா முதல் செமஸ்டர்லயே அடி விழும்.

எஸ்பிஎம்ல (ஐந்தாம் படிவப் பரீட்சை) நாம என்ன படிச்சோம்? 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட், எல்பில் தோட்டத்துல ஒருத்தரும் பக்கத்து தோட்டத்துல ரெண்டு பேருமா மூணு வெள்ளைக்கார துரைங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க, வெள்ளைக்கார அரசாங்கத்தோட அவசரகாலம் (எமர்ஜென்சி) வந்துச்சு, முடிஞ்சுது. யூனில கேள்வியே வேற: அதுக்கு முன்னாடி தோட்டங்கள்ல ஏன் அவ்வளவு வேலைநிறுத்தம், அதே ஜூன் மாசம் தொழிற்சங்க சம்மேளனத்தோட பதிவு ஏன் ரத்தாச்சு, போலீஸ் ரிப்போர்ட்ல யாரு பேச்சு இருக்கு யாரு பேச்சு இல்ல.

யாரு வீட்டுலயாவது பழைய செக்ரோல், அதாவது தோட்டத்து ஆள் வருகை, கூலிப் பதிவேடு கெடச்சா தூக்கி எறிஞ்சுடாதீங்க. வரிசையா பேரு, பேருக்கு நேரா ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம், பெரட்டுக்கு (காலையில ஆள் கூடி பேர் கொடுக்கறது) வந்தா ஒரு குறி, வரலைன்னா வேற குறி, கடைசில கூலியும் பிடித்தமும். ஒரு வாரம் முழுக்க பல பேருக்கு குறி இல்லைன்னா அது திருவிழாவா, காய்ச்சலா, ஸ்ட்ரைக்கா? இத தேடறவன்தான் ஹிஸ்டரி ஸ்டூடன்ட். அப்புறம் 1938ல இந்திய அரசாங்கம் கூலி ஆள் அனுப்பறத நிறுத்தினதுக்கு அப்புறம் பேர் பட்டியல் எப்படி மாறுதுன்னு எண்ணிப் பாத்தா அது ஸ்டாட்ஸ், கூலிச் செலவ பாத்தா அது பிசினஸ், யாரு யாரோட சொந்தம்னு பாத்தா சோசியாலஜி. மலாயா பல்கலைக்கழகத்துல 1956ல இருந்தே இந்திய ஆய்வியல் துறை இருக்கு, தமிழ்லயும் ஆர்வம் உள்ள பையன்னா அதையும் பாக்கச் சொல்லுங்க.

சைக்காலஜி முடிச்சா உடனே கிளினிக் வெக்கலாமா?

முடியாதுமா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மாஸ்டர்ஸ் வேணும். கவுன்சிலர்னு பேர் போடணும்னா 1998 கவுன்சிலர் சட்டப்படி பதியணும், அதுக்கு கவுன்சிலிங் படிப்பு, சைக்காலஜி இல்ல.

கணக்கு வேணாம்னுதான் சோசியல் சயன்ஸ் எடுத்தேன். இப்ப எஸ்பிஎஸ்எஸ்னு புள்ளிவிவர சாஃப்ட்வேர் வெச்சு ஒரு பேப்பர் வந்து நிக்குது, செத்தேன்!

சாக மாட்ட தம்பி. உனக்கு முன்னாடி இப்படி தப்பிச்சு ஓடி வந்து மாட்டினவங்க நிறைய பேரு. பட்டன தட்டினா சாஃப்ட்வேரே கணக்கு போட்டுடும், வந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு தெரியணும். பி வேல்யூ 0.05க்கு கீழ வந்துட்டா "நான் சொன்னது 95 சதவீதம் உண்மை"ன்னு எழுதாத, எக்ஸாமினர் சிவப்பு பேனா எடுத்துடுவாரு. உண்மையில வித்தியாசமே இல்லைன்னு வெச்சுக்கிட்டா, இந்த அளவுக்கோ இதுக்கு மேலயோ ஒரு வித்தியாசம் தற்செயலா வர்றது எவ்வளவு அபூர்வம்னு சொல்ற நம்பர் அது, வேற ஒன்னும் இல்ல.

ஈப்போவுல ஒரு காலேஜ்ல ஃபோன் பண்ணி உடனே வந்து சேரச் சொல்றாங்க, பணம் கட்டலாமா?

பொறுங்க. எம்கியூஏ (படிப்புத் தகுதிய அங்கீகரிக்கற அரசாங்க அமைப்பு) பதிவேட்டுல அந்த கோர்ஸ் பேரு இருக்கான்னு நீங்களே தேடிப் பாருங்க, காலேஜ் பேரு இருந்தா மட்டும் போதாது. அது இல்லைன்னா பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடனும் கெடைக்காது, அரசாங்க வேலைக்கும் சிக்கல். மூணு வருஷத்துக்கும் என்னென்ன பாடம்னு லிஸ்ட் கேளுங்க, ஃபீஸ் மொத்தம் எத்தன வெள்ளின்னு எழுதி வாங்குங்க. தர மாட்டேன்னா ஃபோன வெச்சுடுங்க.