14 வயது மகளுக்கு ஏழு மாதமாக உடல்வலி. பரிசோதனையில் ஒன்றுமில்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். அப்படியென்றால் வலி பொய்யா?

பொய் இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. அத்தனை நாளும் என் மகள் வலியையும் எங்கள் சந்தேகத்தையும் சேர்த்தே சுமந்தாள்.

காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், என் கணவரின் பாட்டனார் காலத்து வீட்டில் இருக்கிறோம். முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போக மூன்று நிலைப்படிகளைத் தாண்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு காய்ச்சலோடு அவளுக்கு முழங்காலிலும் இடுப்பிலும் தொடங்கிய வலி, காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை. என் மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார், குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பள்ளியில் சாக்கு என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் பரீட்சை பயம் என்று சொல்லி அனுப்பினார். நானும் பாதி நம்பினேன். ஒரு மாலை, இரண்டாம் கட்டு நிலையைப் பிடித்தபடி, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று பார்த்துக்கொண்டு அவள் நெடுநேரம் நின்றாள். நான் தூண் மறைவில் இருந்தது அவளுக்குத் தெரியாது. நடிக்கிற பிள்ளை ஆளில்லாத இடத்தில் நடிக்காது.

அதன் பிறகு மதுரையில் பார்த்த குழந்தைநல மருத்துவர், காலையில் மூட்டு இறுகிப்போகிறதா, வீக்கம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடைக் குறைவு உண்டா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 16 வயதுக்குள் தொடங்கும் மூட்டுவாதம் என்று ஒன்று இருப்பதால், இந்தக் கேள்விகளை உங்கள் மருத்துவரும் கேட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் இல்லை என்றான பின் அவர் விளக்கியது இதுதான்: 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், காயமோ நோயோ ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கக்கூடும். தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு ஆகியவை அந்த மணியின் ஓசையைக் கூட்டும். கூடிய வலி மறுபடி தூக்கத்தையும் மனத்தையும் கெடுக்கும். வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே உலக வலி ஆய்வுச் சங்கம் வரையறுக்கிறது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று 2020இல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மருந்து ஆகியவற்றைத் தேவைக்கேற்ப இணைத்துப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு வழிகாட்டியது. ஆகவே மனநல மருத்துவரிடம் அனுப்புவது அந்த வலிக்கான வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

உளவியல் ஆலோசகர் முதலில் திருத்தியது என்னைத்தான். காலையில் எழுந்ததும் "இன்றைக்கு வலி எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்பதை நிறுத்தச் சொன்னார், அந்தக் கேள்வி நாள் முழுவதும் அவள் கவனத்தை வலியிலேயே கட்டிப்போடுகிறதாம். அடுத்தது நடை. திண்ணை வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு ஊருணிக்கரை வரை. வலி குறைந்த நாளில் அதிகமாக நடப்பதும் மறுநாள் படுத்துக் கிடப்பதும் கூடாது, எந்த நாளானாலும் குறித்த தூரம்தான் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பள்ளிக்கு முதலில் அரை நாள் மட்டும் போனாள். வலி குறைந்த பிறகு நடமாட்டம் வரும் என்று நான் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடமாட்டம் முதலில் வந்தது, வலி பல மாதம் கழித்தே தணிந்தது. இன்றும் முழுதாகப் போய்விடவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "நான் இருந்து என்ன பயன்" என்பதுபோல் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும், அன்றே கேட்டுப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மருத்துவரிடம் புறப்படும் முன், "உனக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்த வலிக்காகத்தான் போகிறோம்" என்று உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். நான் இதைச் சொன்ன அன்று, மதுரைப் பேருந்தில் திருப்பத்தூர் தாண்டும் வரை அவள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான், மாதக்கணக்கில் இரவு இரண்டு மணி வரை தூங்காமல் கிடப்பதை முதல்முறையாக என்னிடம் சொன்னாள்.