காற்று மாசுத் திட்டமிடல் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் பெற்றோருக்கு

“காற்று மாசைக் குறைக்கிற வட்டாரத் திட்டமிடல் படிக்கப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதில் வேலை கிடைக்குமா? மரம் நடுவதும் விழிப்புணர்வு ஊர்வலம் போவதும்தானே இது? இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். இது கணக்கு வேலை. எந்த மூலத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் வருகிறது, அதில் எதை எவ்வளவு குறைத்தால் மக்கள் சுவாசிக்கும் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இறங்கும் என்று எண்ணில் சொல்லி, கேள்வி கேட்பவர் முன் அந்த எண்ணுக்கு விளக்கமும் கொடுக்கத் தெரிந்தவருக்கே இந்தத் துறையில் மதிப்பு. எண் பிடிக்காத பிள்ளை, சுற்றுச்சூழல் மேல் எவ்வளவு அக்கறை இருந்தாலும், இங்கே சிரமப்படும்.

ஏன் ஓர் ஊருக்கு மட்டும் திட்டம் போட முடியாது என்பதைப் பெற்றோரும் புரிந்துகொள்வது நல்லது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட நுண்துகள், அதாவது பி.எம். 2.5, நாள் கணக்கில் காற்றில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். மாநகராட்சி எல்லை அதற்குத் தெரியாது. நதிக்கு வடிநிலம் போலக் காற்றுக்கும் ஒரு பரப்பு உண்டு. துறையில் அதை ஏர்ஷெட் என்பார்கள். கலிபோர்னியா தன் நிலப்பரப்பை 15 காற்றுப் படுகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1979-இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் இதே காரணத்தால்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கான ஆண்டு சராசரி வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துக் கணக்கிடாமல் ஒரு நகரம் தனியாக அந்த அளவை எட்டுவது மிகக் கடினம்.

இந்த வேலையின் முதுகெலும்பு உமிழ்வுப் பட்டியல், அதாவது எந்த மூலம் எவ்வளவு மாசை வெளியிடுகிறது என்ற கணக்கு. சூத்திரம் எளிது: நடவடிக்கையின் அளவை (உதாரணமாக, வண்டிகள் ஓடிய கிலோமீட்டர்) உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகு நடவடிக்கைக்கு வெளியாகும் மாசின் அளவால், பெருக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அது பிடித்துக்கொள்ளும் பங்கைக் கழிக்க வேண்டும். கடினம் உள்ளே இருக்கிறது. சாலைப் புழுதியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சூத்திரப்படி, தார்ச் சாலையில் ஒரு வாகனம் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எழும் பி.எம். 10-இன் (10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்) கிராம் அளவு = 0.62 × (சாலைமேல் ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் நுண்புழுதியின் கிராம் அளவு)-இன் 0.91 அடுக்கு × (வாகனங்களின் சராசரி எடை)-இன் 1.02 அடுக்கு. புழுதி 1 கிராம், எடை 3 டன் என்றால் விடை சுமார் 1.9 கிராம். 5 கிலோமீட்டர் சாலையில் நாளுக்கு 10,000 வாகனங்கள் ஓடினால் 95 கிலோ. சாலையை ஒழுங்காகப் பெருக்கிப் புழுதியைப் பாதியாக்கினால் அது சுமார் 51 கிலோவாக இறங்கும், 0.91 அடுக்கு இருப்பதால் சரிபாதியாகாது.

தவறு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். அந்தச் சூத்திரத்தில் வரும் டன் அமெரிக்க டன். மெட்ரிக் டன்னை அப்படியே போட்டால் விடை சுமார் 10 சதவீதம் குறைந்துவிடும். புழுதி அளவை இரண்டே சாலைகளில் எடுத்துவிட்டு வட்டாரம் முழுவதற்கும் பொருத்தினால், பிறகு வருகிற எந்த மாடலும் அந்தப் பிழையைச் சரிசெய்யாது. இன்னொன்றும் உண்டு. இதே சாலையில் பி.எம். 2.5 சுமார் 23 கிலோதான். “பெருக்குவோம், தண்ணீர் தெளிப்போம்” என்று மட்டும் சொல்லும் திட்டம் பி.எம். 10 கணக்கில் நன்றாகத் தெரியும். நுரையீரலின் ஆழம் வரை போகிற நுண்துகளில் அந்த அளவுக்குப் பலன் தராது.

அளவீட்டுப் பக்கம் போகும் பிள்ளைக்குக் கைப்பக்குவம் வேண்டும். 47 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டர் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை 24 மணி நேரம் இழுத்தால் மொத்தம் 24 கன மீட்டர். ஃபில்டரின் எடை 1.440 மில்லிகிராம் கூடியிருந்தால் அன்றைய அளவு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். எடை போடுவதற்கு முன் ஃபில்டரைக் குறைந்தது ஒரு நாள் 20 முதல் 23 டிகிரி வெப்பத்திலும் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டும். ஈரத்தாலோ நிலைமின்னாலோ 30 மைக்ரோகிராம் கூடிப்போனால் விடையில் 1.25 பிழை. வழிகாட்டு அளவே 5 என்னும்போது இது சின்னப் பிழை இல்லை. கார்பன் பார்க்க வேண்டுமானால் டெஃப்லான் உதவாது, குவார்ட்ஸ் ஃபில்டர் வேண்டும். இதைத் தெரியாமல் மூன்று மாதம் சாம்பிள் எடுத்து முடித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. மலிவு விலை சென்சார்கள் ஒளிச்சிதறலை வைத்து அளப்பவை. ஈரப்பதம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சிப் பெருப்பதால் கூடுதலாகக் காட்டும். தரமான கருவிக்குப் பக்கத்தில் சில வாரங்கள் வைத்து ஒப்பிட்ட பிறகே அந்த எண்ணைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

வேதியியலைத் தட்டிக் கழிக்க நினைக்கும் மாணவருக்கு ஒரு வார்த்தை. நுண்துகளில் கணிசமான பங்கு புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவதில்லை. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் மாறி, உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து துகளாகின்றன. கந்தகத்தை மட்டும் குறைத்தால் அதோடு சேர இருந்த அம்மோனியா மிச்சமாகி, குளிர்காலத்தில் அம்மோனியம் நைட்ரேட் துகளைக் கூட்டக்கூடும். எதிர்பார்த்த அளவு மாசு இறங்காமல் திட்டம் தோற்றதுபோலத் தெரியும். இதை முன்கூட்டியே கணிக்கத்தான் சி.மேக் போன்ற, மாசு காற்றில் பயணிப்பதையும் வேதிமாற்றம் அடைவதையும் கணக்கிடும் கணினி மாடல்கள் இருக்கின்றன. அதனால்தான் வேளாண்மைத் துறையையும் மேசைக்கு அழைக்காத வட்டாரத் திட்டம் அரைகுறையானது.

சரி, எதைப் படிக்கலாம்? இளநிலையில் அகலமான பெயருள்ள படிப்பைவிட ஆழமான அடித்தளமே மேல். வேதிப் பொறியியல், சிவில் அல்லது சுற்றுச்சூழல் பொறியியல், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடத் தரவு ஆய்வு) நன்றாகச் சொல்லித்தரும் புவியியல் ஆகிய எதிலிருந்தும் இங்கே வரலாம். முதுநிலையில் காற்றுத் தரம், வளிமண்டல அறிவியல், நகர்-வட்டாரத் திட்டமிடல் என்று பிரியட்டும். சேருமுன் அந்தத் துறையில் நேரிலேயே கேளுங்கள்: மாணவர் தன் கையால் ஃபில்டர் எடை போடுவாரா? ஒரு முழு உமிழ்வுப் பட்டியல் தயாரிப்பாரா? பைத்தான் அல்லது ஆர் என்னும் கணினி மொழியில் தரவு ஆய்வு பாடத்தில் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

வேலை அரசு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் கருவி நிறுவனங்களிலும் போக்குவரத்து, பொது சுகாதாரத் துறைகளிலும் இருக்கிறது. தொடக்கப் பணிகள் பல, திட்டக் காலத்தோடு முடியும் ஒப்பந்தங்கள். அதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. மாடலிங்கும் கள அளவீடும் இரண்டும் தெரிந்தவருக்கு ஒரு திட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவது எளிது. களப்பணியில் மொட்டை மாடி ஏறுவதும் நள்ளிரவில் ஃபில்டர் மாற்றுவதும் வரும். பெண் பிள்ளைக்கு ஒத்துவராது என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு, இருவர் குழு, வாகனம் ஆகியவை இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் விடுமுறையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாதுகாப்பான ஒரு ஜன்னலிலிருந்து ஒரு சாலையை மணிக்கு 15 நிமிடம் பார்த்து, இருசக்கர வாகனம், கார், பேருந்து, சிறு சரக்கு வண்டி, லாரி என்று பிரித்து எண்ணி நான்கால் பெருக்கட்டும். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். இரவையும் விடக்கூடாது, பகலில் மட்டும் எண்ணுபவர்கள் இரவில் ஓடும் லாரிகளைத் தவறவிடுகிறார்கள், புகையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கக்கூடும். வீட்டார் முறைவைத்து உதவலாம். பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய உமிழ்வுக் கையேட்டிலிருந்து காரணிகளை எடுத்து நாளுக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டு, லாரி எண்ணிக்கை 20 சதவீதம் தவறியிருந்தால் விடை எவ்வளவு மாறும் என்றும் எழுதட்டும். அந்தக் கடைசி வரியை யாரும் சொல்லாமலே விரும்பி எழுதுகிற பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள்.