சைன் 30 போட்டால் ஏன் மைனஸில் வருகிறது?

கோவையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்திருக்கும் சகோதரி கேட்டிருந்தார்: மகள் இங்கே ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) பள்ளியில் 11ஆம் வகுப்பு, பள்ளி சொன்னபடி டிஐ-84 பிளஸ் சிஇ என்ற வரைபட கால்குலேட்டர் வாங்கியாயிற்று, சைன் 30க்கு 0.5 வராமல் −0.988 வருகிறது, கருவி பழுதா?

பழுதெல்லாம் இல்லைங்க, கோணத்தை டிகிரியில் அல்லாமல் ரேடியன் என்ற இன்னொரு அளவில் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் சிபிஎஸ்இ தேர்வில் கால்குலேட்டரே கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு இது புதுசு. வெள்ளவத்தையில் டியூஷனுக்கு விட்டாலும் சாதாரண தரம் (இலங்கையின் ஓ லெவல் தேர்வு) சொல்லித் தருபவர் மடக்கை அட்டவணையோடுதான் வருவார். ஆகவே வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்.

மோட் பொத்தானை அழுத்தி, அம்புக்குறியால் டிகிரிக்குப் போய் என்டர் தட்ட வேண்டும். என்டர் தட்டாமல் வெளியே வந்தால் பழையபடியேதான் இருக்கும். வெளியேற செகண்ட், பிறகு மோட். திரையின் மேல் வரியில் இப்போது டிகிரி என்று தெரியும். எந்தக் கணக்கிலும் முதலில் அந்த வரியைப் பார்க்கட்டும்.

ஆனால் டிகிரியிலேயே விட்டுவிடாதீர்கள். ஐபி கணக்கில் ரேடியன் வேலையும் வரும். டிகிரியில் வைத்துக்கொண்டு சைன் பை/6 (π/6, அதாவது 30 டிகிரிக்குச் சமமான ரேடியன்) போட்டால் 0.5க்குப் பதில் 0.00914 வரும், மைனஸ்கூட இல்லாததால் சந்தேகமே எழாது. சைன் வரைபடமோ −10 முதல் 10 வரையான சாதாரண விண்டோவில் (திரையில் தெரியும் எல்லை) அச்சோடு ஒட்டிய தட்டைக் கோடாகத் தெரியும். என் யோசனை: ரேடியனிலேயே வைத்து, 30க்குப் பின்னால் செகண்ட், ஆப்ஸ், 1 அழுத்தி டிகிரி குறி போடுவது. 0.5 வந்துவிடும். தலைகீழ் சைனுக்கு (sin⁻¹) இந்த வித்தை செல்லாது, 0.5 கொடுத்தால் 0.5236 வரும், அதை 180/பை ஆல் பெருக்கினால் 30.

சின்டாக்ஸ் எரர் வந்தால் பெரும்பாலும் மைனஸ்தான் காரணம். என்டருக்கு இடப்புறம் அடைப்புக்குறிக்குள் உள்ளது எதிர்மக் குறி. வலது வரிசையில் இருப்பது கழித்தல். மைனஸ் 3ஐ வர்க்கமாக்க அடைப்புக்குறி போடாவிட்டால் −9 வரும். மேத்பிரின்ட் மோடில் (புத்தகத்தில் எழுதுவதுபோல் காட்டும் அமைப்பு) அடுக்கு போட்டபின் வலது அம்பு அழுத்தாமல் கூட்டினால் எல்லாம் மேலேயே ஏறிக்கொள்ளும்: 2இன் 3ஆம் அடுக்கோடு 1 கூட்ட நினைத்தால் 9க்குப் பதில் 16. மைனஸ் 4க்கு வர்க்கமூலம் கேட்டு எரர் வந்தால் மோடில் ரியலுக்கு அடுத்திருக்கும் அமைப்புக்கு மாற்றுங்கள்.

பரீட்சைக்கான தேர்வு மோடுக்கு, அணைத்த கருவியில் இடது, வலது அம்புகளையும் ஆன் பொத்தானையும் சேர்த்து அழுத்துவார்கள். அந்தத் திரையிலும் கோண அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்; அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பள்ளியை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று: கேம்பிரிட்ஜ் ஏ லெவல் கணிதத் தேர்வில் இந்தக் கருவிக்கு அனுமதி கிடையாது. சார்ஜ் கேபிள் மினி யுஎஸ்பி, போன் கேபிள் நுழையாது, தொலைத்துவிடாதீர்கள்.