ஒளி குறைந்தால் நஞ்சு என்று எழுதிவிடலாமா?

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுநீரை ஒளிரும் பாக்டீரியாவில் சோதித்தேன். 30 நிமிடத்தில் ஒளி 70 சதவீதம் குறைந்தது. ஆனால் உலோகச் சோதனையில் சொல்லும்படி எதுவும் இல்லை. எதை நம்புவது? – முதுகலை மாணவி, திருப்பூர்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலில் சொல்லுங்கள், குப்பியில் இருந்த நீர் என்ன நிறம்?

இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுப்பது அலிவிப்ரியோ ஃபிஷரி என்ற கடல் பாக்டீரியா. நஞ்சு பட்டால் அதன் ஒளி மங்கும், அதைத்தான் அளக்கிறோம். அது விடும் நீலப்பச்சை ஒளியின் உச்சம் சுமார் 490 நானோமீட்டர். சிவப்பு, ஆரஞ்சு சாயங்கள் விழுங்குவதும் ஏறக்குறைய அந்த ஒளியைத்தான். பாக்டீரியா நலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். கருவிக்கு வெளிச்சம் வந்து சேராது. நீங்கள் அதை நஞ்சு என்று எழுதிவிடுவீர்கள். நிறமுள்ள நீருக்கென்றே ஐஎஸ்ஓ 21338 என்ற முறை இருக்கிறது. நீரைச் சேர்த்த முதல் சில நொடிகளில் வரும் உச்ச ஒளியைக் குறித்துக்கொண்டு, 30 நிமிடம் கழித்து வருவதை அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டு அளவும் அதே நிறத்தைத் தாண்டித்தான் வருகின்றன என்பதால் நிறத்தின் குறுக்கீடு கழிந்துவிடும்.

அப்புறம் உப்பு. இது கடல் உயிர், 2 சதவீத உப்பில் வாழ வைக்கிறோம். சாயக் கழிவில் ஏற்கெனவே உப்பு அதிகம். கையேட்டில் சொன்ன அளவை அப்படியே மேலே கொட்டினால் மிஞ்சிப்போகும். கடத்துத்திறனை (நீரில் மின்சாரம் பாயும் அளவு, உப்பு கூடினால் அதுவும் கூடும்) பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் சேருங்கள். பிஎச் 6 முதல் 8.5 வரை இருக்கட்டும். சோடா சேர்த்த நீர் இதைத் தாண்டி நிற்கும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒளி குறைந்தால், சரி, அங்கே நஞ்சு இருக்கிறது. உயிருள்ள செல் "எனக்கு ஆகவில்லை" என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. என் சந்தேகம் பிளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடு மேல். உலோகச் சோதனையில் அது தெரியவே தெரியாது. மாதிரியைப் பல பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேருங்கள் (பட்டறையில் பெராக்சைடு கில்லர் என்பார்களே, அதேதான்). குளோரின் சந்தேகம் இருந்தால் இன்னொன்றில் அதை முறிக்கும் தயோசல்பேட், உலோகத்துக்கு மற்றொன்றில் அதைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ. எந்தப் பங்கில் ஒளி திரும்புகிறதோ அங்கேதான் குற்றவாளி. சேர்க்கும் பொருளே பாக்டீரியாவைத் தாக்குகிறதா என்று கழிவுநீர் கலக்காத 2 சதவீத உப்புநீரிலும் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு பொருளைத் தேடுவதென்றால் இதற்கு நேரெதிரான செல்கள் வேண்டும், அந்தப் பொருள் பட்டால் ஒளி குறையாமல் எழும் செல்கள். ஆர்செனிக்குக்கு மாற்றியமைத்த ஈ.கோலை பாக்டீரியாவில் ஆர்ஸ்ஆர் என்ற புரதம் ஒளி தரும் மரபணுவைப் பூட்டி வைத்திருக்கும். ஆர்செனிக் செல்லுக்குள் போனதும் பூட்டு விலகி ஒளி எழும். மருத்துவ ஆய்விலும் இதே உத்திதான்: மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பொருத்திய ஈஸ்ட், ஹார்மோன்போல நடிக்கும் பொருள் பட்டால் நிறம் மாற வைக்கும். உங்கள் பாக்டீரியாவுக்கு ஹார்மோனும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. ஆகவே "மனிதருக்கு ஆபத்து" என்ற வரி இருந்தால் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மறு சோதனையை 15 டிகிரியில் வையுங்கள், ஒவ்வொரு தொகுதியிலும் இந்தப் பாக்டீரியாவுக்கு நஞ்சென்று தெரிந்த துத்தநாக சல்பேட் குப்பி ஒன்றும் இருக்கட்டும். அதில் ஒளி குறையாவிட்டால் அன்றைய எண்கள் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.