ரியாத் வீட்டில் தூசும் மகனின் இருமலும்

சகோதரி, ரியாத்தில் ஜன்னலே திறக்காமல் ஸ்பிளிட் ஏசியில் இருந்தும் தினமும் தூசு படிகிறது, ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வாங்கிய பிறகு மகனுக்கு இருமல் கூடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஹியூமிடிஃபையரைத்தான். அதிர்வால் தண்ணீரைப் பனிபோலத் தெறிக்கவிடும் அல்ட்ராசானிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், அதில் கரைந்திருக்கும் உப்புகள் நுண்தூளாகக் காற்றில் கலந்துவிடும். டிவியை விரலால் தடவிப் பாருங்கள். மாவு போல வெள்ளையாக ஒட்டினால் அதுதான். டிஸ்டில்டு வாட்டர் (உப்பில்லாத, காய்ச்சி வடித்த தண்ணீர்) மட்டும் ஊற்றுங்கள், தொட்டியைத் தினமும் கழுவுங்கள். ஈரப்பதம் 40 சதவீதம் போதும்.

சரி, மண் எப்படி வருகிறது? ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும். ஆனால் குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதற்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளிக்காற்று புகும். புழுதிக்காற்று நாளில் மண்ணும் கூடவே வரும். அன்று சமைக்கும்போது மட்டும் ஃபேன் போடுங்கள். வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வானம் தெளிந்த காலையில் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்தே ஆகவேண்டும்.

பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பகூர் (அரபு நறுமணப் புகை), சாம்பிராணி இப்போதைக்கு வேண்டாம். காசு செலவழிப்பதானால் மகன் தூங்கும் அறைக்கு நுண்தூசியைப் பிடிக்கும் ஒரு ஹெப்பா ஃபில்டர் கருவி வாங்குங்கள். நுரையீரலை உறுத்தும் ஓசோன் வாயுவை விடும் வகையை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.