டப்பா மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஈஸ்ட்: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றியவை. கிறிஸ்துமஸுக்குப் பரிசாக வந்த, மால்ட் சாறும் ஈஸ்ட்டும் அடங்கிய பீர் கிட்டெல்லாம் இப்போதுதான் பிரிகிறது போலும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

நாற்பது பைன்ட் கிட் ஒன்றைக் கலக்கி வைத்தேன். இரண்டு நாளாகியும் ஏர்லாக்கில் (வாயு வெளியேற மூடியில் செருகும் குழாய்) ஒரு குமிழி கூட இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டினேன். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (லெஸ்டர்)

நானாக இருந்தாலும் தர மாட்டேன். 23 லிட்டரையும் கொட்டிய பிறகு ஈஸ்ட் செத்ததா, பிழைத்ததா என்று யார் சொல்வது? வாளி மூடி கொஞ்சம் தளர்வாக இருந்தாலே வாயு ஓரத்தால் போய்விடும், ஏர்லாக் சும்மா உட்கார்ந்திருக்கும். திறந்து பார்த்தீர்களா? மேலே நுரையோ, வாளியின் உள்சுவரில் பழுப்பு வளையமோ இருந்தால் வேலை நடக்கிறது. உறுதியாகத் தெரிய, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று மிதந்து காட்டும் ஹைட்ரோமீட்டர்தான் வழி. முதல் நாள் 1.045 என்று காட்டியது 1.030-க்கு இறங்கியிருந்தால் ஈஸ்ட் உங்களைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

ஒன்று சொல்லி வைக்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய ஹைட்ரோமீட்டரில் உள்ளே சுருட்டி வைத்த அளவுத் தாள் இடம் நகர்ந்திருந்தது. 20 டிகிரி வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டியது 1.006 காட்டியது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று தடவை காய்ச்சி முடித்திருந்தேன். வாங்கிய அன்றே தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள்.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே பீருக்கும் போடலாமா? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

போடலாம். புளிக்கும். குடிப்பது உங்கள் பாடு.

கணவரின் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் லாகர் கிட் வாங்கினேன். பத்து நாளாகியும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரியே இனிக்கிறது. டப்பாவின் அடியில் இருந்த விலைச் சீட்டை உரித்தால், கீழே எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்த தேதி. விற்றவரோ, “ஈஸ்ட் உயிருள்ள பொருள், அதற்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது” என்கிறார். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. (ஹாரோ)

தேதியை மறைத்து விற்றதும் இல்லாமல் வாய் வேறு! பணம் உங்களுக்கு வர வேண்டியதுதான் அம்மா. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் தரமில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணமும் கேட்கலாம். அவர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார். மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பும் உரிமை சீக்கிரம் கெடும் பொருளுக்குக் கிடையாது, அது சரி. ஆனால் பழுதான பொருளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. “பெஸ்ட் பிஃபோர்” தேதி தாண்டியதை விற்பது இங்கே தனிக்குற்றமில்லை, சொல்லி விற்றால். சீட்டு ஒட்டி மறைத்தால் அது ஏமாற்று. சீட்டையும் தேதியையும் சேர்த்துப் படம் எடுங்கள், மின்னஞ்சலில் 30 நாள் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். மசியாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கியே திரும்ப வாங்கித் தருவது) கேளுங்கள். பணம் வரும்வரை வாளியைக் கொட்ட வேண்டாம்.

இனி என் பழைய புலம்பல். அந்தக் கிட்டின் பிளாஸ்டிக் மூடிக்குள் ஐந்தாறு கிராமில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்திருக்குமே, அதில் என்ன எழுதியிருந்தது? பெரும்பாலும் “ஈஸ்ட்” என்று மட்டும்தான். என்ன ரகம்? எந்த வெப்பத்தில் வைப்பது? கோடை முழுக்கக் கிடங்கின் மேல்தட்டில் வெந்துகொண்டு இருந்ததா? ஒன்றும் தெரியாது. பெட்டியில் லாகர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நிஜ லாகர் ஈஸ்ட்டுக்குப் பன்னிரண்டு டிகிரி மாதிரிக் குளிர் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். அடுப்படி மூலையில் 20 டிகிரியில் ஒரு வாரத்தில் முடியும் என்கிறார்கள் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அறை வெப்பத்தில் புளிக்கும் ஏல் பீரின் ஈஸ்ட்தான். அதைப் போடட்டும், தப்பில்லை. சொல்லிவிட்டுப் போடட்டும். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தார். அந்தக் கம்பெனி அதை மூடி மறைக்காமல் மற்ற மதுபான ஆலைகளுக்கும் கொடுத்தது. இவர்களுக்கு ஒரு பெயரை அச்சடிக்க மை இல்லை! யாழ்ப்பாணத்தில் அப்பமாவுக்குக் கள்ளு வாங்கும் ஆச்சி கூடப் பனையா தென்னையா என்று கேட்காமல் வாங்க மாட்டார்.

அதனால் கிட் எதுவானாலும் ஈஸ்ட்டைத் தனியாக வாங்குங்கள். ரகம், தேதி, வெப்ப அளவு மூன்றும் அச்சடித்த 11.5 கிராம் பொட்டலம் ஒரு வாளிக்குத் தாராளம். பிரித்ததும் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கிளிப் போட்டு வைக்காதீர்கள். பிரிக்காததற்கு ஃபிரிட்ஜ்தான் இடம்.

குளிருக்காக வாளியைச் சுற்றிக் கட்டும் ஹீட்டிங் பெல்ட் வாங்கலாமா? (மில்டன் கீன்ஸ்)

வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன், தெர்மோஸ்டாட் இல்லாமல் வாங்காதீர்கள். என்னுடையதில் அது இல்லை. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் வாளியில் ஒட்டிய வெப்பப் பட்டை 29 காட்டியது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி ஒரு வாடை, குடித்த மைத்துனருக்கு இரண்டு நாள் தலைவலி. புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சூடு கிளப்பும், அறையைவிட வாளி இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி 17, 18 டிகிரியில் ஏறாமல் இறங்காமல் இருந்தால் பெல்ட்டே வேண்டாம்.

கோவையில் இருக்கிறேன். இதே கிட்டை வரவழைத்து வீட்டில் காய்ச்சலாமா?

கூடாது. பிரிட்டனில் 1963-இலேயே வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு இருப்பது 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்.

“ஏழு நாளில் தயார்” என்று பெட்டியில் இருந்தது. ஏழாம் நாள் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தேன். நேற்று ராத்திரி இரண்டு வெடித்தன. மிச்சம் முப்பத்தெட்டு இருக்கிறது. பயமாக இருக்கிறது. (க்ராய்டன்)

பயப்பட வேண்டியதுதான். முதலில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பாட்டில்களைக் கனமான துண்டால் மூடி, குளிரான இடத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டைப் போட்டபடியே ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். தொடவே பயம் என்றால் விட்டுவிடுங்கள், பீர் போனால் போகிறது.

அடைக்கும்போது அளந்தீர்களா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கிட் பீர் 1.020 பக்கம் தங்கி நின்றுவிட்டு, பிறகு பாட்டிலுக்குள் மிச்சத்தைப் புளிக்க வைப்பது நடப்பதுதான். அதன்மேல் நீங்கள் போட்ட சர்க்கரையும் சேர்கிறது. நாள் கணக்கை ஈஸ்ட் படிப்பதில்லை. இரண்டு நாள் இடைவெளியில் அளந்து, இரண்டும் 1.010 மாதிரி ஒரே எண்ணாக இருந்தால்தான் அடைக்க வேண்டும். ஆனாலும் “ஏழு நாள்” என்று அச்சடித்தவரைச் சும்மா விட எனக்கு மனமில்லை. பெட்டியைத் தூக்கிப் போடாமல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் இலவச ஆலோசனை அமைப்பில் புகார் கொடுங்கள், அவர்கள் அதை வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் பாட்டில் வாங்குங்கள். விரலால் அமுக்கினாலே உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.