வேகத்தை மட்டும் கேட்காதீர்கள்: 24 மணி நேரக் கார்ப் பந்தயக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஆகக் கூடிய வேகம் எவ்வளவு? கல்முனைத் தம்பி ஒருவருக்கு அதை விரிவாகச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேண்டுகோள் ஒன்று: எந்தப் பந்தயம், எந்த ஆண்டு என்று எழுதி அனுப்புங்கள். "அந்த வெள்ளைக் கார் பறந்து கவிழ்ந்ததே, அது ஏன்?" என்று மட்டும் எழுதினால் நான் எதைப் பிடிப்பது? (1999ஆம் ஆண்டு மெர்சிடிஸைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். காரின் மூக்குக்கு அடியில் காற்றுப் புகுந்து தூக்கியது. சரிதானே?)

களுவாஞ்சிகுடி: லெ மான்ஸ் பந்தயத்தை எங்கள் நேரத்துக்கு எப்போது பார்க்கலாம்? எத்தனை வருடமாக நடக்கிறது?

லெ மான்ஸ் என்பது பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம். ஜூன் மாதம், சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொடங்கி ஞாயிறு இரவு ஏழரைக்கு முடியும். பிரான்ஸில் அப்போது பிற்பகல் 4 மணி. முதல் பந்தயம் 1923 மே மாதம். இடையில் 1936இல் வேலைநிறுத்தம், அப்புறம் யுத்தம் என்று பத்து வருடம் நடக்கவில்லை. முழு இரவும் கண் விழிக்க முடியாதவர்கள் எங்கள் விடியற்காலை 4 மணியிலிருந்து 8 மணி வரை பாருங்கள். அங்கே அது நள்ளிரவு தாண்டிய இருட்டு. பந்தயம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் உடையும்.

அக்கரைப்பற்று: நடிகர் அஜித் லெ மான்ஸில் மூன்றாம் இடம் எடுத்தாராமே? ஏன் நீங்கள் எழுதவில்லை?

எழுதாததற்குக் காரணம், அது லெ மான்ஸ் இல்லை. 2025 ஜனவரியில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில். நல்ல விஷயம்தான், ஆனால் அது வேறு தொடர், வேறு வகைக் கார்கள். 24 மணி நேரம் ஓடுவதெல்லாம் லெ மான்ஸ் ஆகிவிடாது. பெல்ஜியத்தில் ஸ்பா 1924 முதல் நடக்கிறது, அமெரிக்காவில் டேட்டோனா 1966 முதல் 24 மணி நேரம் ஓடுகிறது, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் இருக்கிறது. பந்தயத்தின் பெயரை முதலில் பாருங்கள் என்று எத்தனை தரம் சொல்வது?

தமிழ்நாட்டுக்காரரைத் தேடுகிறீர்கள் என்றால் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் லெ மான்ஸில் ஓடி மொத்தத்தில் 6ஆம் இடம் எடுத்தார். அதற்கு முன் 2009இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கு ஓர் ஆடி கார் தயாராக இருந்தது. பந்தயம் தொடங்கும் முன் பிட் (கார்கள் நின்று எரிபொருள் நிரப்பி, ரயர் மாற்றும் இடம்) சுவரைத் தாண்டிக் குதிக்கும்போது தோள்மூட்டு விலகிவிட்டது. ஓட முடியவில்லை.

கல்முனை: சேர், லெ மான்ஸில் ஆகக் கூடிய வேகம் எவ்வளவு? 400ஐத் தாண்டியிருக்கிறதா? இப்போதைய கார்கள் அதைவிட வேகமா?

தாண்டியிருக்கிறது, தம்பி. 1988இல் ஒரு டபிள்யூ.எம். பெஜோ கார் மணிக்கு 405 கிலோமீற்றர் போனது. அப்போது அங்கே 6 கிலோமீற்றர் நேர்பாதை ஒன்று இருந்தது, ஏறக்குறைய மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிக்குப் போகிற தூரம். 1990இல் அதன் நடுவே இரண்டு இடங்களில் வளைவு போட்டு வெட்டிவிட்டார்கள். ஆகவே இப்போதைய கார்கள் 400 பக்கமே போவதில்லை.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். அந்த 405 கார் பந்தயத்தை முடிக்கவில்லை. சூடேறி, பழுதாகி, சில மணி நேரத்தில் ஒதுங்கிவிட்டது. அந்த ஆண்டு வென்றது ஒரு ஜகுவார். கடைசி நேரத்தில் அதன் கியர்பொக்ஸ் போகத் தொடங்கிவிட்டது. சாரதி யான் லாமர்ஸ் 4ஆவது கியரில் போட்டு, அதற்குமேல் மாற்றாமல் அப்படியே ஓட்டி வந்து முடித்தார். இரண்டாவது வந்த போர்ஷே அதே சுற்றில் பின்னால் வந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் ஒரு தரம் கியரை இழுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். போர்ஷே ஏழு வருடம் விடாமல் வென்றுவந்த வரிசை அன்று அறுந்தது. அந்த ஜகுவாரைப் பற்றி ஒருவர்கூட எனக்கு எழுதியதில்லை. 405ஐப் பற்றி மாதம் மூன்று கடிதம் வருகிறது.

கராஜுக்கு வரும் பொடியன்களும் இதேதான். எவ்வளவு இழுக்கும் என்பார்கள். பிரேக் எப்படி என்று கேட்டவனை இன்னும் காணவில்லை. ஆனால் இந்தப் பந்தயத்தின் வரலாற்றில் பாதி பிரேக்கின் வரலாறு. 1953இல் ஜகுவார் வென்றபோது அதன் எஞ்சின் ஆகப் பெரியதும் அல்ல, ஆகப் பலமானதும் அல்ல. டிஸ்க் பிரேக் இருந்தது. மற்றவர்களிடம் டிரம் பிரேக். டிரம் சூடேறினால் பிடிக்காது, அதனால் நேர்பாதையின் முடிவில் மற்றவர்கள் முன்கூட்டியே காலை எடுக்க வேண்டியிருந்தது. ஜகுவார் இன்னும் கொஞ்சத் தூரம் போய் மிதித்தது. ஒரு சுற்றில் அது ஓரிரு விநாடி. 300 சுற்றுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மற்றப் பாதி, நிற்கும் நேரம். 2000 முதல் 2005 வரை ஆறு பந்தயங்களில் ஐந்தை ஆடி ஆர்8 வென்றது. அந்தக் காரில் கியர்பொக்ஸையும் பின்பக்க சஸ்பென்ஷனையும் சேர்த்து ஒரே துண்டாகக் கழற்றலாம். பழையதை இழுத்து எடுத்து, எண்ணெய் நிரப்பித் தயாராக வைத்திருக்கும் புதியதை உள்ளே தள்ளி, கார் திரும்பவும் பாதைக்கு வர ஐந்து நிமிடமளவில்தான் ஆகும். எங்களிடம் ஒரு கியர்பொக்ஸ் இறக்கி ஏற்ற ஒரு நாள் போகும், அதுவும் போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால். 2008இல் பெஜோ தகுதிச் சுற்றில் ஆடியைவிடச் சுற்றுக்கு ஐந்து விநாடியளவு வேகம். மழை வந்தது, பெஜோவுக்குச் சூடேறும் பிரச்சினையும் வந்தது, மெதுவான ஆடி வென்றது. 1982 முதல் குரூப் சி என்ற கார் வகைக்கான விதிகளில் முழுப் பந்தயத்துக்கும் எரிபொருளை அளந்து கொடுத்தார்கள். வேகம் இருந்தும் பெற்றோல் மிச்சம் பிடிக்கக் காலைத் தூக்கி ஓட்டிய சாரதிகள்தான் அந்தக் காலத்தில் வென்றார்கள்.

அதனால் இனி எழுதும்போது ஆகக் கூடிய வேகத்தைக் கேட்காதீர்கள். 24 மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். 1971இல் போர்ஷே 917 ஓடிய 5,335 கிலோமீற்றர் 39 வருடம் நின்றது. 2010இல் ஆடி 5,410 ஓடி அதை முறித்தது. நின்ற நேரம், மழை, இருட்டு எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 225. அதுதான் எனக்கு மலைப்பு.

கல்லடிப் பாலம் தாண்டியதும் அக்சிலேட்டரைப் பிழிகிறவர்களுக்கும் சேர்த்து: ரோட்டில் வேண்டாம். போன முறையும் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன்.

வாழைச்சேனை: ஒரே ஆளா 24 மணி நேரமும் ஓட்டுவார்?

இல்லை. இப்போது காருக்கு மூன்று பேர். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. முன்பு இப்படிக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1950இல் லூயி ரோசியே கிட்டத்தட்ட முழுவதையும் தானே ஓட்டினார். மகனுக்குக் கொடுத்தது இரண்டே சுற்று. வென்றும் விட்டார். 1952இல் பியேர் லெவேக் அதையே செய்யப் பார்த்தார். நாலு சுற்று முன்னால் இருந்தவருக்கு 23ஆவது மணி நேரத்தில் எஞ்சின் உடைந்தது.

திருக்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1955 விபத்துக்கு அந்த லெவேக்தான் காரணம் என்று படித்தேன். வயதானவர், ஓட்டத் தெரியாதவர் என்று எழுதியிருந்தார்கள்.

ஐயா, எழுதியவர்கள் பாதையைப் பார்த்திருக்கவில்லை. பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் இடையில் சுவரே கிடையாது. ஜகுவார் ஓட்டிய மைக் ஹோத்தோர்ன் பிட்டுக்குப் போகப் பிரேக் பிடித்தார். பின்னால் வந்தவர் மக்லின் என்ற இன்னொரு சாரதி. மக்லின் இடப்பக்கம் ஒதுங்க, வேகமாக வந்த லெவேக்கின் மெர்சிடிஸ் மக்லினுடைய காரின் பின்பக்கத்தில் ஏறி எகிறியது. எஞ்சினும் முன் அச்சும் சனத்துக்குள் போயின. 80க்கு மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள், லெவேக்கும் இறந்தார். விசாரணை எந்தச் சாரதி மீதும் குற்றம் சொல்லவில்லை. 1920களின் வேகத்துக்குப் போட்ட பாதையில் 1950களின் கார்களை விட்டதுதான் பிழை.

பந்தயத்தை ஏன் நிறுத்தவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இலட்சக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் வெளியேறினால் அம்புலன்ஸ் போக வழியிருக்காது என்பது அமைப்பாளர்கள் சொன்ன காரணம். மெர்சிடிஸ் அன்றிரவே விலகிக்கொண்டது. சுவிட்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயத்தையே தடைசெய்தது. அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. லெ மான்ஸ் விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1957இல், இத்தாலியின் மில்லே மில்லியாவில் ஒரு பெராரியின் ரயர் வெடித்துப் பார்வையாளர்கள் ஒன்பது பேர் இறந்ததும் அந்தப் பந்தயமே நின்றுபோனது. 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் ஏழு பேர் போனதை நாங்களும் பார்த்தோம். பந்தயம் பார்க்கப் போகிறவர்கள், வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். கார் வழுக்கினால் அந்தப் பக்கம்தான் வரும்.

ஏறாவூர்: 1966இல் உண்மையில் வென்றது கென் மைல்ஸ்தானே?

ஏட்டில் வென்றது மக்லாரனும் ஏமனும். மைல்ஸும் அவர்களும் ஃபோர்ட் சாரதிகள். ஃபோர்ட் நிர்வாகம் தன் மூன்று கார்களையும் சேர்ந்து கோட்டைத் தாண்டச் சொன்னது, புகைப்படம் எடுக்க. மக்லாரனின் கார் தொடக்கத்தில் பின்னால் நின்று புறப்பட்டதால் 24 மணி நேரத்தில் அதுதான் கூடத் தூரம் ஓடியது என்று அமைப்பாளர்கள் தீர்த்தார்கள். விதிப்படி சரி. மைல்ஸுக்கு நடந்தது அநியாயம், அதுவும் சரி. அதே ஆண்டு அமெரிக்காவின் டேட்டோனா, செப்ரிங் பந்தயங்களையும் வென்றிருந்தார், லெ மான்ஸும் கிடைத்திருந்தால் மூன்றும் ஒருவருக்கே. இரண்டு மாதத்தில் ஒரு பரிசோதனை ஓட்டத்தில் இறந்துபோனார். இந்தக் கதையை வைத்து வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.

அம்பாறை, மாணவி: பெண்கள் ஓடியிருக்கிறார்களா?

1930 முதலே, தங்கச்சி. 1932இல் ஒடெத் சிக்கோ அல்ஃபா ரோமியோவில் மொத்தத்தில் 4ஆம் இடம். லெ மான்ஸில் ஒரு பெண் எடுத்த ஆகச் சிறந்த இடம் இன்றும் அதுதான். 2023இல் அயர்ன் டேம்ஸ் என்ற முழுப் பெண்கள் அணி பஹ்ரைனில் நீண்டநேரக் கார்ப் பந்தய உலகத் தொடரின் ஒரு பந்தயத்தைத் தன் பிரிவில் வென்றது.

ஆரையம்பதி: சாரதிகள் ஓடிப்போய்க் காரில் ஏறுவதை ஏன் நிறுத்தினார்கள்?

பெல்ட் போட நேரம் இல்லாமல் புறப்பட்டதால். 1969இல் ஜாக்கி இக்ஸ் ஓட மறுத்து நடந்துபோய், ஆறுதலாகப் பெல்ட் போட்டுக் கடைசியாகக் கிளம்பினார். அந்த முதல் சுற்றிலேயே ஜோன் வுல்ஃப் என்ற சாரதி விபத்தில் இறந்தார். அடுத்த நாள் இக்ஸ் நூறு மீற்றர் சொச்ச வித்தியாசத்தில் வென்றார். 1970இலிருந்து ஓட்டம் இல்லை.

பொத்துவில்: மஸ்டா ரோட்டரி எஞ்சின் வென்றதால்தான் அதைத் தடைசெய்தார்களாம்?

இல்லை. ரோட்டரி என்றால் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் எஞ்சின். அதற்கு இடமில்லாத 3.5 லீற்றர் எஞ்சின் விதி அந்த வெற்றிக்கு முன்பே தீர்மானித்தது. 1991தான் ரோட்டரிக்குக் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தே மஸ்டா வந்தது, வென்றது. கடைசியில் ஓட்டிய ஜோனி ஹேர்பர்ட் நீர் வற்றி மயங்கியதால் மேடைக்கே ஏறவில்லை. அந்தப் புதிய விதி கொன்றது ரோட்டரியை அல்ல, தொடரையே. எஞ்சின் செலவு எகிறியது. 1992 லெ மான்ஸுக்கு 30 கார்கூடத் தேறவில்லை. 1953இல் செப்ரிங்கில் தொடங்கிய உலகத் தொடர் அந்த ஆண்டோடு மூடுவிழா. திரும்ப வந்தது 2012இல். இப்போது லெ மான்ஸில் 62 கார் நிற்கிறது.

ஊர் பெயர் இல்லை: எந்தக் கார் பெஸ்ட்? உடனே வாட்ஸ்அப்பில் பதில் போடவும்.

மாட்டேன்.

செங்கலடி, வேன் வைத்திருப்பவர்: டொயோட்டா உடையாது என்பார்களே, 2016இல் என்ன நடந்தது?

ஆண்டு போட்டு எழுதியதற்கு நன்றி. முடிய மூன்று நிமிடமளவு இருக்கும்போது, முன்னணியில் இருந்த நகாஜிமாவின் கார் சக்தி இழந்து, பிட்டுக்கு எதிரிலேயே நின்றது. போர்ஷே தாண்டிப் போய் வென்றது. டொயோட்டா எப்படியோ கிளம்பிக் கடைசிச் சுற்றை முடித்தும், அதற்கு அனுமதித்த ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டதால் பட்டியலிலேயே இடம் கிடைக்கவில்லை. எஞ்சின் உடையவில்லை. டேர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் காற்றுக் குழாயின் இணைப்பில்தான் பிழை. 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் டொயோட்டா யாருக்கும் விடவில்லை. உங்கள் வேனும் டேர்போ டீசல் என்றால் அதே குழாய் அதிலும் இருக்கிறது. அடுத்த சேர்விஸில் கிளிப்பை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.